சரக்கு ரயில் போனால் என் வீடு ஆடுகிறது, டாக்டர்

மதுரையைச் சேர்ந்த 31 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கணவரின் வேலைக்காக மூன்று ஆண்டுகள் பாங்காக்கில் இருந்தவர். 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பகல் ஒன்று இருபது. பத்தொன்பதாவது மாடி வீட்டில் மூன்று வயது மகனுக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் சாப்பாட்டு மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை விரதம் என்பதால், முதலில் வெறும் வயிற்றுத் தலைச்சுற்றல் என்றுதான் வாசகி நினைத்தார். மேலே தொங்கிய விளக்கு ஊஞ்சல் ஆடியது. எதிர்க் கட்டடத்தின் உச்சியிலிருந்த நீச்சல்குளத்துத் தண்ணீர் அருவியாகக் கொட்டியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, காலில் செருப்புக்கூட இல்லாமல் படிக்கட்டில் இறங்கி ஓடினார். நகர ரயில்கள் நின்றுபோனதால் கணவர் நான்கு மணி நேரம் நடந்தே வந்து சேர்ந்தார். குடும்பத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஜூனில் மதுரை திரும்பிவிட்டார்கள். கூடல்நகர்ப் பக்கம் வங்கிக் கடனில் வாங்கிய அடுக்குமாடி வீடு, நான்காவது மாடி. சரக்கு ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். அந்த அதிர்வு அவரைப் பத்தொன்பதாவது மாடிக்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. ரயில் இல்லாத நேரத்திலும் சும்மா உட்கார்ந்திருந்தால் தரை ஆடுகிறது. அது உண்மையா என்று பார்க்கத் தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர், ஜன்னல் கம்பியில் ஒரு சின்ன மணி. ஒரு நாளில் முப்பது, நாற்பது முறை அவற்றைப் பார்க்கிறார். இரண்டே நிமிடத்தில் குளித்து முடிக்கிறார். வாசலருகே சான்றிதழ்ப் பை எப்போதும் தயார். மேலூர்ப் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் இருந்து பார்த்தார். மூன்றாம் நாள் கல்குவாரியில் வேட்டு வைத்தபோது அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். பாண்டி கோயிலில் கயிறு கட்டியாயிற்று. தெரிந்தவர் ஒருவர் சொன்ன தூக்க மாத்திரையை ஐந்து மாதமாகப் போட்டுக்கொள்கிறார்.

"நமக்கு ஒன்றும் ஆகவில்லையே, மதுரையில் பூகம்பமே வராது, எதற்கு இந்த நாடகம்?" என்கிறார் கணவர். வாசகியின் கேள்விகள் நான்கு: எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? இங்கே நிலநடுக்கம் வருமா? வீட்டை விற்றுவிட்டுத் தரைத்தள வீட்டுக்குப் போகலாமா? மாத்திரையைத் தொடரலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. கணவர் சொல்வதுபோல இது நாடகமும் இல்லை. ஆபத்து நேருக்கு நேர் வந்துவிட்டுப் போன பிறகும் உடம்பு காவலைத் தளர்த்தாமல் இருப்பதற்கு எங்கள் மனநல மருத்துவத் துறையில் பெயர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. காயம் பட்டவர்களுக்குத்தான் மனம் பாதிக்கும் என்பது நம் வீடுகளில் நெடுநாளாக ஊறிப்போன நம்பிக்கை. இந்த நிமிடம் செத்துவிடுவோம் என்று ஒருவர் நம்பினாலே போதும். அதற்கப்புறம் கீறல் விழுந்ததா இல்லையா என்ற கணக்கை மூளை பார்ப்பதில்லை.

கடிதத்தை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் சூட்ட மாட்டேன். ஆனால் மாதக் கணக்காக நீளும் திடுக்கிடல், அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது, சில இடங்களையும் செயல்களையும் தவிர்ப்பது, எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது, தன்னையே குற்றம் சாட்டிக்கொள்வது ஆகிய எல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. ஒரு மாதத்தைத் தாண்டியும் இவை நீடித்தால், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறா என்று நேரில் பரிசோதிக்க வேண்டும். நீங்கள் அந்த எல்லையைத் தாண்டி வெகுநாள் ஆகிறது.

ஆடுவது தரையா, காதா?

கொடைக்கானலிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்த அன்று இரவு படுக்கை வளைவு வளைவாகத் திரும்புவதுபோல இருக்குமே, அதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம் உட்காதில் இருக்கும் நுண்ணிய திரவக் குழாய்கள், கண், பாதம் மூன்றும் சேர்ந்துதான் நாம் நிற்கிறோமா அசைகிறோமா என்று மூளைக்குச் சொல்கின்றன. அன்று உங்கள் வீடு முழுவதுமாக ஆடியது. சுவரும் மேசையும் உங்களோடு சேர்ந்தே ஆடின. அதனால் கண், எல்லாம் நின்ற இடத்தில் நிற்பதாகச் சொன்னது. காது, ஆடுவதாகச் சொன்னது. உங்களுக்கு முதலில் தலைச்சுற்றலாகத் தோன்றியதற்கு விரதத்தைக் குறை சொல்ல வேண்டாம். பாங்காக்கில் அன்று பலரும் தங்களுக்கு மயக்கம் வருவதாகத்தான் நினைத்தார்கள்.

இந்த ஆட்டம் சிலருக்கு உடலில் தங்கிவிடும். ஜப்பானியர் இதற்கு 'ஜிஷின்-யோய்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நிலநடுக்கப் போதை என்று சொல்லலாம். 2011 மார்ச்சில் அங்கே நேர்ந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு, தரை அசையாதபோதும் அசைவதாகச் சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்கள் ஏராளம். நிலநடுக்கம் பழகிப்போன நாட்டிலேயே இந்த நிலை என்றால், மதுரையில் பிறந்து வளர்ந்த உங்களுக்குத் தங்கியதில் வியப்பில்லை. பயம் கூடும்போது உடல் தன் சின்னஞ்சிறு அசைவுகளையும் உன்னிப்பாகக் கவனிக்கும். இதயத் துடிப்பால் கட்டிலில் ஏற்படும் மெல்லிய அசைவுகூட நிலநடுக்கமாகத் தெரியும்.

ஒருமுறை காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். ரத்தசோகை, தைராய்டு, ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் மனதின் தலையில் கட்டுவது எங்கள் தொழிலில் நடக்கும் தவறு.

மணியும் டம்ளரும் உங்களுக்கு உதவுவதாக நினைக்கிறீர்கள். அவைதாம் இந்தப் பயத்துக்குத் தீனி போடுகின்றன. பார்த்ததும் பத்து நிமிடம் நிம்மதி கிடைக்கிறது. பதினோராவது நிமிடம் மறுபடியும் பார்க்கத் தோன்றுகிறது. ஒரேயடியாக எடுத்து எறியச் சொல்லவில்லை. முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்து முறை என்று வரம்பு வையுங்கள். அடுத்த வாரம் ஐந்து. அப்புறம் மணியைக் கழற்றிப் பூஜை அலமாரியில் வையுங்கள், அதற்குரிய இடம் அதுதான். சரக்கு ரயில் வரும்போது அறைக்குள் ஓடாமல் பால்கனியில் நின்று, கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பெட்டிகளை எண்ணுங்கள். மகனையும் எண்ணச் சொல்லலாம். முதல் பதினைந்து பெட்டிக்குப் பயம் ஏறும். ஏறிய பயம் ஏறிக்கொண்டே போகாது. ஓரிடத்தில் நின்று, தானாக இறங்கும். அது இறங்குவதை நீங்கள் நின்று பார்க்க வேண்டும். இதுவரை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, அதற்குள் ஓடிவிடுகிறீர்கள். இதையே பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவர் பக்கத்தில் இருந்து படிப்படியாகச் செய்விக்கும் சிகிச்சை உண்டு. அதையே முதலில் பரிந்துரைப்பேன்.

கயிறு இருக்கட்டும். அது உங்கள் அம்மாவின் கை பட்டது. நான் அவிழ்க்கச் சொல்ல மாட்டேன்.

மதுரையில் வருமா?

வரவே வராது என்று உங்கள் கணவர் சொல்வது சரியில்லை. வந்தால் எல்லாம் முடிந்தது என்று நீங்கள் நினைப்பதும் சரியில்லை.

1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏறத்தாழ 6 ரிக்டர் அளவில் நிலநடுக்கம் வந்தது. தென்னிந்தியாவில் பரவலாக உணரப்பட்டது. 2000 டிசம்பர் 12 அன்று மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் ஈராட்டுப்பேட்டைப் பகுதியில் 5 அளவில் ஒன்று. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் இன்னொன்று. ஆக, நம் பக்கம் முற்றிலும் விதிவிலக்கு அல்ல. அதே சமயம், 2002-இல் திருத்தப்பட்ட இந்திய நிலநடுக்க மண்டல வரைபடத்தில் மதுரை இரண்டாம் மண்டலம். அந்த வரைபடத்தில் அதைவிடக் குறைந்த மண்டலம் கிடையாது. கோவையும் சென்னையும் மூன்றாம் மண்டலம்.

பாங்காக்கை மதுரையோடு ஒப்பிடுவதற்கு முன் அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். 7.7 அளவிலான அந்த நிலநடுக்கத்தின் மையம் மியான்மரில் மண்டலே அருகே, பாங்காக்கிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மியான்மரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பாங்காக் ஆற்றுப்படுகைக் களிமண் மேல் உட்கார்ந்திருக்கும் நகரம். தொலைவிலிருந்து வரும் மெதுவான நீண்ட அலைகளை அந்த மண் பெருக்கிக் காட்டும், உயரமான கட்டடங்கள் அதே தாளத்தில் ஆடும். மதுரையைச் சுற்றி யானைமலையும் திருப்பரங்குன்றமும் நிற்கின்றன. இது பழங்காலக் கடும்பாறைப் பூமி. வைகைக் கரையிலும் தூர்ந்த கண்மாய்களின் மேலும் மண் வேறு மாதிரி இருக்கும் என்றாலும், பாங்காக்கின் களிமண் கதை இங்கே அப்படியே பொருந்தாது.

வாட்ஸ்அப்பில் வந்த 'மூன்று நாளில் தென்தமிழகம் குலுங்கும், நாசா எச்சரிக்கை' என்ற குரல் பதிவைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். நாள், நேரம், இடம் குறித்து நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லும் ஆற்றல் இன்று உலகில் எவரிடமும் இல்லை. 1975-இல் சீனாவின் ஹைசெங் நகரில், முன்னதிர்வுகளை வைத்து மக்களை வெளியேற்றினார்கள், பலர் பிழைத்தார்கள். அடுத்த ஆண்டே அதே நாட்டின் டாங்ஷான் நகரம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நிலநடுக்கத்தில் இடிந்து, அரசுக் கணக்கின்படியே இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர் இறந்தார்கள். நம் நாட்டின் தேசிய நிலநடுக்கவியல் மையம் நடந்து முடிந்ததைத்தான் அறிவிக்கும். நடக்கப்போவதை அறிவிப்பதாக ஒரு செய்தி வந்தால், அந்தக் காரணத்தாலேயே அது பொய். அனுப்பியவர் பெரியப்பாவாக இருந்தாலும் அழித்துவிடுங்கள்.

வீட்டை விற்பது

தரைத்தளத்தில் இருந்தால் பிழைப்போம் என்ற உங்கள் எண்ணம் கேட்க நியாயமாக இருக்கிறது. 1993 செப்டம்பர் 30 அதிகாலை மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் கிள்ளாரி இடிந்தபோது ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தரைத்தள வீடுகள். கல்லை மண் சாந்தில் அடுக்கிக் கட்டிய கனத்த சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. அவர்களும் தங்கள் பகுதியை நிலநடுக்கம் தொடாத பீடபூமி என்றுதான் நம்பியிருந்தார்கள். பாங்காக்கில் உங்கள் பத்தொன்பது மாடியும் அதற்கு மேலே இருந்த மாடிகளும் ஆடி நின்றன. முழுதாகச் சரிந்தது கட்டுமானத்தில் இருந்த ஒரு முப்பது மாடிக் கட்டடம். எத்தனை மாடி என்பதைவிட எப்படிக் கட்டியது என்பதுதான் கேள்வி. மேலூரில் உங்கள் அம்மாவின் பழைய ஓட்டு வீடு உங்கள் அடுக்ககத்தைவிடப் பாதுகாப்பானது என்று எந்தப் பொறியாளரும் பார்க்காமலே சொல்லிவிட மாட்டார்.

எனவே கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து உங்கள் கட்டடத்தைக் காட்டுங்கள். ஒரே ஒருமுறை. தரைத்தளம் முழுக்கக் கார் நிறுத்தத் திறந்துவிடப்பட்டு வெறும் தூண்கள் மேல் கட்டடம் நிற்கிறதா, தூண்களில் விரிசல் உண்டா, யாராவது சுவரை இடித்து மாற்றியிருக்கிறார்களா என்று அவர் பார்க்கட்டும். 2001 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து வெகுதொலைவில் இருந்த அகமதாபாத்தில் சரிந்த அடுக்ககங்களில் பல இப்படித் தரைத்தளம் திறந்து நின்றவை. பூச்சில் மயிரிழை விரிசல் வேறு, தூணில் விரிசல் வேறு. அதையும் அவர் சொல்வார். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கட்டித் தந்தவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். வீட்டுக் காப்பீடு எடுக்காவிட்டால் எடுங்கள். 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் நிலநடுக்கச் சேதமும் அடக்கம். பொறியாளர் சரி என்று சொன்ன பிறகு இரண்டாவது, மூன்றாவது பொறியாளரைத் தேடாதீர்கள். அது மணியைப் பார்ப்பதற்கு இன்னொரு வடிவம்.

சிகிச்சை தொடங்கி ஆறு மாதம் ஆகும்வரை விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். அதற்குப் பிறகும் விற்கத் தோன்றினால் விற்கலாம், அது உங்கள் விருப்பம்.

மாத்திரை

நீங்கள் எழுதியிருக்கும் மாத்திரை அல்பிரசோலம். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. தெரிந்தவர் சொல்லி மருந்துக் கடையில் கிடைத்திருக்கிறது, அது நம் ஊர் வழக்கம். இது பயத்தை அந்த நேரத்துக்கு அமுக்கும், பழக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதிர்ச்சி பயத்துக்கு நெடுநாள் மருந்தாக இதை நாங்கள் தருவதில்லை. ஆனால் இதைப் படித்த வேகத்தில் இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். ஐந்து மாதம் போட்டதைத் திடீரென நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரலாம். அரசு இராசாசி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளர் பிரிவிலோ வேறு மனநல மருத்துவரிடமோ காட்டி, அவர் சொல்லும் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். தேவைப்பட்டால் பழக்கமாகாத வேறு மருந்து தருவார். நடு இரவில் தாங்க முடியவில்லை என்றால் 14416 என்ற எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் இருக்கிறது. இலவசம், தமிழில் பேசலாம்.

மூன்றாம் பக்கத்து வரி

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "அத்தையை விட்டுவிட்டு ஓடிவிட்டேன், அது வேறு விஷயம்." ஓரளவு நீண்ட காலமாக நோயாளிகள் பேசுவதைக் கேட்டு வருகிறேன். 'அது வேறு விஷயம்' என்று யாராவது சொன்னால் நாற்காலியைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

67 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். அவரைப் பத்தொன்பது மாடி இறக்க உங்களால் முடிந்திருக்காது, பிள்ளையோடு சேர்த்து முடிந்தே இருக்காது. கட்டடம் ஆடத் தொடங்கிய நொடியில் நீங்கள் யாரைக் காப்பாற்றுவது என்று யோசித்து முடிவெடுக்கவில்லை. கை போய்ப் பிள்ளையைத் தூக்கியது, கால் ஓடியது. அதைத் தீர்மானம் என்று சொல்லி உங்கள் மேல் வழக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்பது மாதமாக நீங்களே வாதி, நீங்களே பிரதிவாதி, தீர்ப்பு மட்டும் வரவில்லை. தரை ஆடும்போதெல்லாம் அத்தை நினைவு வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எது முதலில் வருகிறது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். பல நாட்களில் அத்தை நினைவுதான் முதலில் வரும், ஆட்டம் பிறகு வரும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள், அதன் பொருள் உங்களுக்குத் தெரியவில்லை. காவலாளி மேலே போய்ப் பார்த்தபோது அத்தை சாப்பாட்டு மேசைக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்து, மேசைக் காலைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டடம் ஆடும்போது செய்ய வேண்டியது அதுதான். குனிந்து, உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து, தலையைக் காத்து, ஆட்டம் நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருப்பது. ஆடும்போதே படிக்கட்டில் இறங்குவதில்தான் விழுந்து அடிபடும் வாய்ப்பு அதிகம். ஆட்டம் நின்ற பிறகுதான் லிப்டைத் தவிர்த்துப் படியில் இறங்க வேண்டும். முழங்கால் வலியால் ஓட முடியாத அத்தை, யாரும் சொல்லித் தராமலே சரியானதைச் செய்திருக்கிறார்.

உறவினர் வீட்டுக் காதுகுத்தில் அவர், "பேரனைத் தூக்கினாள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை" என்று சொன்னது உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. அதை ஒரு குற்றச்சாட்டாகக் கேட்டீர்கள், தவறில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். மொழி தெரியாத ஊர், ஆடும் வீடு, மேசைக்கடியில் தனியாக ஒரு மூதாட்டி. உங்களுக்காவது கணவர், அம்மா, கோயில், கடைசியில் நான் இருக்கிறோம். அவரிடம் அன்றைக்கு என்ன நடந்தது என்று இந்த வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தில் அவர் எவ்வளவு நேரம் தனியாக இருந்தார் என்பதே இல்லை, உங்களுக்கும் தெரியாது.

மன்னிப்புக் கேட்கும் காட்சி எதுவும் வேண்டாம். பெரியவர்கள் அதில் கூச்சப்பட்டு, "அதெல்லாம் என்னம்மா" என்று முடித்துவிடுவார்கள். கணவரை வெளியே அனுப்பிவிட்டு, ஒரு மத்தியானம் கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "அன்றைக்கு நான் போன பிறகு என்ன செய்தீர்கள், அத்தை?" என்று கேளுங்கள். பிறகு குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள். கோபப்படலாம், அழலாம், ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். அவருக்கும் தூக்கம் கெட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கெட்டிருந்தால் அவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இருவரும் ஒரே நாளில் போகலாம், ஆட்டோ செலவு மிச்சம்.

மகனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் கட்டைகளை அடுக்கி, "பூமி ஆடுது" என்று தட்டிவிட்டு விளையாடுவதாகவும், நீங்கள் திட்டி நிறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். மூன்று வயதில் பெரும்பயத்தை ஜீரணிக்க அவனுக்குத் தெரிந்த வழி அது. உங்களைவிட அவன் முன்னே போய்க்கொண்டிருக்கிறான். விளையாட்டில் கட்டைகள் விழுந்த பிறகு ஆட்களை வெளியே எடுத்து வைக்கிறானா என்று மட்டும் பாருங்கள். வைத்தால் கவலை இல்லை. சிரிப்பே இல்லாமல் அதையே மணிக்கணக்கில் செய்தாலோ, படுக்கையில் சிறுநீர் கழிக்கத் தொடங்கியிருந்தாலோ அவனையும் காட்டுங்கள்.

அத்தையிடம் பேசிய பிறகு எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவர் சொன்னதை இந்த முறை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.